மருமகன் போட்ட நம்பர்

வெளிநாட்டுச் சாமானுக்குக் குன்னத்துகால் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. வந்த கையோடு பிரித்து உபயோகித்துவிட மாட்டார்கள். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் பெட்டியோடு கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து, விலை கேட்டு, மூக்கில் விரல் வைத்த பிறகு, அது பழசாகிப்போன ஒரு நாளில்தான் வெளியே எடுப்பார்கள். ஆனந்தபாயின் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு பெட்டி இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்தது. உள்ளே இருந்தது கம்பியில்லாத டெலிபோன். மருமகன் ராஜதாஸ் மஸ்கட்டிலிருந்து வந்து, அவள் மகள் லிஷாவைக் கட்டிய புதிதில், மாமியாருக்கென்று கொண்டுவந்து, ஒருமுறை திறந்து காட்டிக் கொடுத்தது.

அடுக்களைக்கும் முற்றத்துக்கும் மட்டும் எட்டுகிற சாதாரண ஜாதி அல்ல அது. பேஸ் என்கிற பெட்டியை வீட்டு டெலிபோன் லைனில் மாட்டி, கூரைமேல் ஏரியல் கட்டிவிட்டால், கையில் வைத்துக்கொள்ளும் ஹேண்ட்செட்டை எடுத்துக்கொண்டு ஏழெட்டு மைல் போய்க்கூடப் பேசலாம். பேஸிலேயே ஸ்பீக்கரும் மைக்கும் இருந்ததால், வெளி லைனே இல்லாமல் பேஸும் ஹேண்ட்செட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வசதி உண்டு. லைசென்ஸ் இல்லாமல் இதை வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பேச்சு இருந்தது. அலமாரியை விட்டு அது இறங்காததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில் ஹேண்ட்செட் இரண்டு இருந்தன. உள்ளே ஒன்றுதான் இருந்தது. "மத்ததை ஏர்போர்ட்டில கஸ்டம்ஸ்காரன் எடுத்துக்கிட்டான் மாமி," என்றான் ராஜதாஸ். அதை யாரும் சந்தேகப்படவில்லை. கஸ்டம்ஸ்காரன் எடுத்தான் என்றால் நம்பாதவர் அந்த நாட்டில் யார்?

அந்த மருமகனுக்குப் பயந்தே அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

தொண்ணூற்றாறாம் வருஷம், மழை விட்ட சமயம். வெள்ளறடையில் ராஜதாஸின் வீட்டிலிருந்து லிஷா மாற்றுத் துணிகூட இல்லாமல் ஓடிவந்தாள். தோளுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி வைத்த காயம். ராஜதாஸ் குடிகாரன் அல்ல, சத்தம் போடுகிறவனும் அல்ல. ஞாயிறு தவறாமல் சபைக்கு வெள்ளைச் சட்டையில் வருவான். முன்வரிசையில் நின்று பாடுவான். பேசித் தீர்க்க ஆனந்தபாயின் வீட்டுக்கு வந்த சபைக் கமிட்டிக்காரர்களை அவன் சிரித்துக்கொண்டே பேசிச் சமாதானப்படுத்தினான். எல்லோரும் போன பிறகு முற்றத்தில் நின்று மாமியாரிடம் மட்டும் மெதுவாக ஒன்று சொன்னான்.

"அவ எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சுக் கொண்டுபோவேன் மாமி. பின்னே நீங்க அவளைப் பாக்க மாட்டீங்க."

குரலை உயர்த்தாமல் சொன்னதால் ஆனந்தபாய் அதை நம்பினாள். அவன் சொன்னதைச் செய்கிறவன்.

எனவே லிஷாவை ஒளித்து வைத்தாள். உறவுக்காரர் வீடு எதிலும் இல்லை. அங்கேதான் முதலில் தேடுவான். சபைக்காரர் வீட்டிலும் இல்லை. ஆனந்தபாய்க்குப் பால் சொசைட்டியில் கூட வேலை பார்த்த ஒரு சிநேகிதி உண்டு, சத்யபாமா என்று பெயர். கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பளுகல் தாண்டி ஒரு மேட்டில் வீடு. சாமி அறையில் விளக்கு எரிகிற அந்த வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண் இருப்பாள் என்று ராஜதாஸுக்கு எந்த ஜென்மத்திலும் தோன்றாது. அதுவரைக்கும் கணக்கு சரி.

ஆனால் சத்யபாமா வீட்டில் டெலிபோன் இல்லை. எழுதிப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஆனந்தபாய் போய்ப் பார்க்கவும் முடியாது. தெரு முக்கில் ஒரு ஆட்டோ காலையிலிருந்து இருட்டும்வரை நின்றது. ஓட்டுகிறவன் ராஜதாஸின் சிநேகிதன், கூட்டுக்காரன். ஆனந்தபாய் இடப்பக்கம் நடந்தால் ஆட்டோ இடப்பக்கம் உருளும். மகன் சானு பைக்கை எடுத்தால் அதன் பின்னால் போகும். மகளின் குரலைக் கேட்காமல் ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஆனந்தபாய்க்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அலமாரியைப் பார்த்தாள்.

சானு வயரிங் வேலைக்காரன். டிவி ஆன்டெனா கட்டுவதில் கைகாரன். ஆன்டெனா நின்ற அதே இரும்புக் குழாயில், அதற்கும் மேலே, மெல்லிய ஏரியலை இறுக்கிக் கட்டினான். கீழே நின்று பார்த்தால் அதுவும் டிவியோடு சேர்ந்த ஏதோ ஒரு கம்பி என்றுதான் தோன்றும். கேபிளை ஓட்டுக்கு அடியில் இழுத்து, படுக்கையறைக்குள் இறக்கி, பேஸில் திருகினான். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

பிறகு கூட வந்திருந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"அம்மா, முதல்ல வைக்கும்போது கோட் நம்பரை மாத்தணும்னு போட்டிருக்கு. பேஸிலயும் ஹேண்ட்செட்டிலயும் ஒரே நம்பர் இருந்தாத்தான் ரெண்டும் சேரும். அந்த நம்பர் உள்ள எந்த ஹேண்ட்செட்டும் இதில கேறிப் பேசலாமாம்."

"இப்போ அதில நம்பர் இல்லியா?"

"உண்டு. மச்சான் போட்டு வச்சிருக்காரு. அண்ணைக்கு இங்க வச்சுத்தானே எல்லாம் சரியாக்கிக் காட்டினாரு."

"அப்போ நீ தொடாதே."

"மாத்தணும்னு எழுதியிருக்கும்மா."

"எலே, டேப் ரிக்கார்டரை நீ நன்னாக்கினது எனக்கு ஓர்மை உண்டு. வேதப் பாட்டு கேட்டுக்கிட்டிருந்தது, பின்னே அது இருமக்கூட இல்ல. ஓடுத சாமானில கைவைக்காதே. எனக்கு எம்பிள்ளைகிட்ட பேசணும்."

சானுவுக்கும் உள்ளூரப் பயம்தான். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அமுக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது அவனுக்குப் பாதிதான் புரிந்தது. மாற்றப்போய் இரண்டும் சேராமல் போனால் யாரிடம் காட்டுவது? கடையில் கொண்டுபோய் வைத்தால் லைசென்ஸ் கேட்பான். புத்தகத்தை மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டான். அந்த மனுஷன் இஸ்திரிப் பெட்டி வைத்தான் என்று அவனைக் கண்டு ஒளிந்தார்கள், அவன் போட்டுக் கொடுத்த நம்பரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். இதை அசட்டுத்தனம் என்பதா, சாமானின் மேலிருந்த பக்தி என்பதா, சொல்லத் தெரியவில்லை.

பால் அளக்கிற ஒரு காலைநேரத்தில், லிஷாவின் சேதி சொல்ல, சத்யபாமா பழைய சிநேகிதியைப் பார்க்க வந்ததுபோல் சொசைட்டிக்கு வந்தாள். போகும்போது அவள் பையில், தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிய ஹேண்ட்செட் இருந்தது. அன்று சாயங்காலம் பேஸ் கிணுகிணுத்தது.

"அம்மா," என்றாள் லிஷா.

ஆனந்தபாய் அழுதாள். அதை மறைக்கவும் இல்லை. ஒரு வாரத்துக் கண்ணீர் அது, வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் பேச்சுத்தான். என்ன சாப்பிட்டாய், காயம் ஆறியதா, இரண்டாவது மாடு கறக்கிறதா என்று ஒன்றும் விடாமல் பேசினார்கள். ஆனந்தபாய் கெட்டிக்காரி. ஊர் பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் லாக்டோமீட்டரைப் போடுவதற்கு முன்னாலேயே கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறவள் அவள். ஆனால் இந்தப் பேச்சு எக்ஸ்சேஞ்ச் வழியாகவே போகவில்லை, ஆகாயத்தில் போகிறது என்பதை அவள் மறந்தே போனாள்.

சில நாள் சத்தம் திடீரென்று குறையும். யாரோ கதவைத் திறந்ததுபோல் இரைச்சல் ஒன்று உள்ளே வந்து அப்படியே நிற்கும். மழைமேகம் என்றான் சானு. ஒருமுறை ஆனந்தபாய் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே பேஸில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். ஹேண்ட்செட்டை எடுத்தால்தான் அது எரியும். அன்று பேசும்போது கேட்டாள்.

"மத்தியானம் நீ இதை எடுத்தியா மக்களே?"

"இல்லம்மா. நான் உறங்கிக்கிட்டுல்லா இருந்தேன்."

ஆனந்தபாய் பேஸை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சாமான் பழசு, அப்படித்தான் எரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகளோடு பேசுவதை இழக்க அவளுக்கு மனம் இல்லை.

இன்னொரு நாள் பேசிக்கொண்டிருக்கையில் தொம்மென்று ஒரு சத்தம் காதை அடைத்தது.

"என்ன பிள்ளே அது?"

"பாறை வெடிக்கியாவ அம்மா. குவாரி பக்கத்திலதான். பாத்திரம் எல்லாம் குலுங்கும்."

ஆனந்தபாய் உடனே பேச்சை மாற்றினாள். கொஞ்சநேரம் கழித்து லிஷா பல்வலி என்றாள். இடப்பக்கம் கடைசிப் பல், இரண்டு நாளாக வெந்நீர்கூடக் குடிக்க முடியவில்லை, கன்னம் வீங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளி, கிராம்பு வைத்துக் கடி என்று அம்மா சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலையில் சொசைட்டியில் பால்காரர் வரிசை. ஆனந்தபாய் தலை குனிந்து அளந்துகொண்டிருந்தாள். அடுத்த பாத்திரம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். ராஜதாஸ் நின்றிருந்தான். குளித்துப் பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையில், எல்லோரையும்போல வரிசையில் நின்று வந்திருக்கிறான். கையில் மருந்துக்கடைப் பொதி ஒன்று.

"மாமி, சுகமா?" என்றான்.

பின்னால் நின்றவர்கள் மாமியாரையும் மருமகனையும் பார்த்துப் புன்னகைத்தார்கள். இப்படி ஒரு மரியாதையான பையனை விட்டு அந்தப் பெண் ஓடினாளே என்று அந்தப் புன்னகையில் எழுதியிருந்தது.

"கிராம்புத் தைலமாக்கும். பஞ்சில தொட்டு வைக்கச் சொல்லுங்கோ," என்று பொதியை லாக்டோமீட்டரின் பக்கத்தில் வைத்தான். "இடது பக்கம்லா அவளுக்கு வேதனை."

திரும்பி நடந்தான். ஆனந்தபாயின் கையிலிருந்த அளவைப் பாத்திரம் சரிந்து பால் மேசையெல்லாம் ஓடியது. யாரோ துடைத்தார்கள். தலைசுற்றல் என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

பல்வலியைப் பற்றி அவள் ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. சானுவிடம்கூடச் சொல்லவில்லை. டெலிபோனில் கேட்டதைத் தவிர ராஜதாஸுக்கு அது தெரிய வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இழுத்துப் போட்டு, மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். இரண்டு ஹேண்ட்செட். கஸ்டம்ஸ்காரன் எதையும் எடுக்கவில்லை, மற்றது ராஜதாஸின் கையில்தான் இருந்தது. கல்யாணம் ஆன புதிதிலேயே, லிஷா அம்மாவிடம் என்ன பேசுகிறாள் என்று கேட்பதற்காகவே இந்தச் சாமானைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இவர்கள் அதை அலமாரியில் வைத்துக் கும்பிட்டதால் இரண்டு வருஷம் அவன் காத்திருந்தான்.

சானு வந்தான். கேட்டதும் பெட்டிக்குள்ளிருந்து அந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடி எடுத்தான்.

"நம்பரை இப்போ மாத்து," என்றாள் ஆனந்தபாய்.

"பேஸில மாத்தினா அவ கையில உள்ளதிலயும் மாத்தணும்மா. இல்லேங்கில் அவளுக்கும் கிட்டாது. அதை எங்ஙன செய்யணும்னு நான் டெலிபோனில சொன்னா அவனும் கேப்பானே."

"அவன் எடம் கண்டுபிடிச்சிட்டானா?"

"கண்டிருந்தா இங்க வந்து தைலம் தரமாட்டான். ஆனா குவாரிச் சத்தம் கேட்டிருக்கான். குவாரி எத்தனை இருக்கு? ஒண்ணொண்ணாப் போய்ப் பாத்தாத் தீந்தது."

தைலம் எதற்குக் கொண்டுவந்தான் என்று அப்போது இருவருக்குமே புரியவில்லை. பயந்த கோழி கூட்டை விட்டு ஓடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கே அவளை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். நாகர்கோவிலில் பெண்களுக்கான மிஷன் விடுதி ஒன்று உண்டு, அங்கே ஆனந்தபாய்க்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சானு பைக்கில் கொண்டுபோய் விட்டால் போதும். ஆனால் பைக்கை எடுத்தால் ஆட்டோ பின்னால் வரும். வேறு யாரை அனுப்புவது? சபையில் பாதிப்பேர் ராஜதாஸுக்காக ஜெபிக்கிறவர்கள்.

ஆனந்தபாய்க்கு ஒரு கோபம் வந்தது. ஒளிந்து கேட்கிறான் அல்லவா, கேட்கட்டும். கேட்பதற்கு ஒன்றை நாம் கொடுப்போம்.

"நான் சாயங்கால வண்டிக்குப் பாறசாலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதேன்," என்றாள். "அவனும் கூட்டுக்காரனும் அங்க போய்க் கிடப்பாவ. முக்கில ஆட்டோ மாறின உடனே நீ ரப்பர் தோட்டத்து வழியா போய் அவளைக் கூட்டிக்கிட்டு நேரா நாகர்கோவில் போ."

"அவ நெசம்னு நினைச்சு எறங்கிட்டாள்னா?"

"வண்டி சாயங்காலம்லா. நீ உச்சைக்கு முன்னே அங்க போயிருவே."

அவளுக்கே தன் புத்தியைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. பேஸில் பொத்தானை அமுக்கி அழைத்தாள்.

"மக்களே, இனி அங்க இருக்கண்டாம். சாயங்காலம் நாகர்கோவில் வண்டிக்குப் பாறசாலை ஸ்டேஷனுக்கு வா. நான் அங்க நிப்பேன்."



"தனியாவா அம்மா? பயமா இருக்கு."

"பேடிக்கண்டாம். அம்மா சொல்லுது கேளு."

"செரி அம்மா," என்றாள் லிஷா. குரலில் வந்த ஆறுதலைக் கேட்டு ஆனந்தபாய்க்குச் சுருக்கென்றது. வளர்ந்த பிள்ளைதான், ஆனாலும் அம்மா சொன்னால் மறுபேச்சு இல்லை. பொய் சொன்னதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரைச்சல் ஒன்று கேட்டு அடங்கியது. அவன் கேட்டுவிட்டான்.

கொஞ்சநேரத்தில் ராஜதாஸ் எங்கிருந்தோ வந்து ஏறிக்கொள்ள, முக்கிலிருந்த ஆட்டோ உறுமிக்கொண்டு பாறசாலைப் பக்கம் போயிற்று. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த தாயும் மகனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சானு பைக்கை முற்றத்திலிருந்து தள்ளிக்கொண்டே போய், ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கியதும் கிளப்பினான். யாரும் பின்னால் போகவில்லை.

ஆனந்தபாய் பேஸின் முன்னால் முழங்காலிட்டு ஜெபம் செய்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. சானு இந்நேரம் பளுகல் சந்தையைத் தாண்டியிருப்பான், இந்நேரம் மேட்டில் ஏறியிருப்பான் என்று மனதுக்குள்ளேயே கூடப் போய்க்கொண்டிருந்தாள். பேஸ் கிணுகிணுத்தது.

"அம்மா," என்றது சானுவின் குரல். மூச்சு வாங்கியது. "அவ இங்க இல்ல."

"எங்க போனா?"

"பக்கத்து வீட்டு ஜீப்பு பாறசாலைச் சந்தைக்கு வாழைக்குலை கேத்திட்டுப் போச்சாம். சாயங்காலம் பஸ்ஸில தனியாப் போவாண்டாம், தெரிஞ்ச ஆளு கூட இப்பமே போயிருண்ணு பாமா சேச்சி ஏத்தி விட்டாவ. ஸ்டேஷன் வாசல்ல எறக்கிவிடுவானாம். போலீசு பிடிப்பான்னு இந்த ஹேண்ட்செட்டையும் இங்கயே வச்சிட்டுப் போயிருக்கா."

சத்யபாமா அந்தப் பக்கத்தில் அழுதுகொண்டே ஏதோ சொல்வது கேட்டது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்லியிருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பெண்பிள்ளையைப் பஸ்ஸில் தனியாக அனுப்ப மனம் வராத எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அது பொய் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே.

"பைக்கை எடு," என்றாள் ஆனந்தபாய். "இப்பமே எடு. ஸ்டேஷனுக்குப் போ. பறந்து போ எம்மக்கா."

சானு பதில் சொல்வதற்குள் அந்த இரைச்சல் வந்தது. யாரோ கதவைத் திறந்ததுபோல். அதற்குள்ளே ஆட்கள் நடமாட்டமும், டீக்கடை கண்ணாடி கிளாஸ்களின் சத்தமும், ரயில் வரவை அறிவிக்கும் மலையாளக் குரலும் கேட்டன.

"அளியா, பைய வந்தாப் போதும்," என்று மைத்துனனிடம் சொன்னான் ராஜதாஸ். எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினான். "ரோடு மோசமாக்கும். மாமியும் பேடிக்கண்டாம். நான் வாசல்லதான் நிக்கேன்."

"தாசு," என்றாள் ஆனந்தபாய். வாழ்நாளில் அவள் அவனிடம் கெஞ்சியதில்லை. "தாசு, மக்களே, நான் உன் காலில விழுதேன். அவளை விட்டிரு. நான் வாறேன், நீ என்னை என்ன வேணும்னாலும் செய்யி."

அவன் ஹேண்ட்செட்டை அணைக்கவில்லை. வேண்டுமென்றேதான் அணைக்காமல் வைத்திருந்தான். ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஜீப்புக்காரன் யாரிடமோ, இங்கே இறங்கிக்கோ பிள்ளே என்றான். பிறகு கொஞ்சம் தூரத்திலிருந்து, பல்வலியில் வாய் சரியாகத் திறக்காமல், லிஷாவின் குரல் வந்தது.

"எங்க அம்மா எங்க?"

"வா லிஷா," என்றான் ராஜதாஸ். "அம்மா சொல்லித்தான் நான் வந்தேன்."

ஆனந்தபாய் பேஸின் மேல் வாயை வைத்து மகளின் பெயரைக் கத்தினாள். ஓடு மக்களே, ஓடு என்று கத்தினாள். ஸ்டேஷனில் அது ராஜதாஸின் காதில் இருந்த ஹேண்ட்செட்டில் மட்டும்தான் கேட்டது.